இனிப்பு டப்பா மூடியும் எப்பிங் காட்டுக் காளான்களும்

போன வருஷம் அக்டோபரில் எப்பிங் காட்டில் ஒரே நடையில் 61 காளான் படம் எடுத்து, காளான்களைப் பதிவு செய்கிற ஒரு இணையதளத்தில் அத்தனையையும் பதிவேற்றினேன். நாலு வாரம் கழித்துப் பார்த்தால் 9 தான் தேறியிருந்தது. மீதி எல்லாவற்றுக்கும் அங்கே பதிவுகளைச் சரிபார்ப்பவர் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டிருந்தார்: குடையின் கீழ்ப்பக்கம் எப்படி இருந்தது, எந்த மரத்தடி, காம்பின் அடி மண்ணுக்குள் எப்படிப் போகிறது? நான் எடுத்ததெல்லாம் நின்ற இடத்திலிருந்தே குனிந்து எடுத்த குடை உச்சிகள். ஒரு ஆளை அடையாளம் காட்டச் சொன்னால் மாடியில் நின்று அவர் வழுக்கையை மட்டும் படம் பிடித்துக் கொடுத்த கதைதான்.

இந்த வருஷம் ஒழுங்காகச் செய்வது என்று இறங்கினேன். ஆனால் ஒரு சிக்கல். எப்பிங் காட்டில் அனுமதி இல்லாமல் காளான் பறிக்கக் கூடாது, சமைக்க மட்டுமல்ல, பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றாலும் கூடாது. லண்டன் மேனர் பார்க் பக்கம் ஆரம்பித்து எப்பிங் ஊருக்கு வடக்கே வரை ஏறத்தாழ 2,400 ஹெக்டேர் நீண்டு கிடக்கிற இந்தக் காடு 1878இல் வந்த தனிச் சட்டத்தின் கீழ் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் வசம் இருக்கிறது, பைலாவும் அவர்களுடையதுதான். லண்டனுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற காட்டில் ஆளுக்கு ஒரு கூடை என்று ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அதனால் அந்த விதிமேல் எனக்குக் கோபம் இல்லை. கஷ்டம் என்னவென்றால், காளானை அடையாளம் காண்பதில் பாதி வேலை ஸ்போர், அதாவது காளான் உதிர்க்கிற விதை மாதிரியான தூளின் நிறத்தில் இருக்கிறது. குடையை வெட்டிக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் செவுள் (குடைக்கு அடியில் இருக்கிற மெல்லிய மடிப்புகள்) கோடு கோடாகத் தூள் விழுந்திருக்கும். வழக்கமான முறை அதுதான். பறிக்கவே கூடாது என்றால் எதைக் கவிழ்ப்பது?

காளானைக் காகிதத்துக்குக் கொண்டு வர முடியாவிட்டால் காகிதத்தைக் காளானுக்குக் கொண்டு போக வேண்டியதுதான். முதலில் கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையை எட்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, ஒரு ஓரத்திலிருந்து நடு வரை கீறி, நடுவில் காம்பு உட்காரும் அளவுக்கு ஓட்டை போட்டேன். சலூனில் முடி வெட்டும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டுவார்களே, அதேபோல் கீழே விரித்துவிடலாம் என்று எண்ணம். குளியலறையில் கடைக் காளானை ஈரத்துணியில் நட்டு ஒத்திகை பார்த்ததில் அரை மணி நேரத்தில் அட்டை ஊறி அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. அதோடு வெள்ளைத் தூள் வெள்ளை அட்டையில் தெரியாது, கறுப்பில் பழுப்புத் தெரியாது. அப்போதுதான் மேசையில் இருந்த தீபாவளி இனிப்பு டப்பா கண்ணில் பட்டது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி. ஈரம் ஏறாது, கீழே வெள்ளையோ கறுப்போ வேண்டியதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். லட்டு பாதிதான் தீர்ந்திருந்தது, தட்டில் கொட்டி மூடிவிட்டு மூடியை எடுத்துக்கொண்டேன். ஒரு மூடியில் அஞ்சு அட்டை தேறியது. வெட்டின ஓரம் கூர்மையாக இருந்தால் காம்பைக் கீறிவிடும் என்று நகம் தேய்க்கிற அரத்தால் மழுக்கி, மூலையில் 1 முதல் 5 வரை மார்க்கரில் எண் போட்டேன். நன்றாக விரிந்த போர்ட்டபெல்லோ காளானில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்ததில் சாக்லேட் நிறத்தில் மெல்லிய கோடுகள் விழுந்தன. போதும்.

மற்றதெல்லாம் சின்னச் சாமான்கள்: பத்து மடங்கு பெரிதாக்குகிற லென்ஸ், பென்சில் (பேனா மழையில் எழுதாது), ஆறு அங்குல ஸ்கேல், குடைக்குக் கீழே நுழைத்துப் பார்க்க ஒரு கண்ணாடி. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி வாங்கினேன், என் மூச்சுப் பட்டே பனி படர்ந்துவிட்டது. அப்புறம் அம்மாவின் பவுடர் டப்பாக் கண்ணாடிதான் உதவியது.

அம்மா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். "வீட்டுக்குள்ளயே கெடந்தா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல தம்பி, நானும் வர்றேன்" என்று புடவைக்கு மேல் என் பழைய ஜாக்கெட்டையும் கம்பளி சாக்ஸும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இல்ஃபோர்டில் ரயில் ஏறி, ஸ்ட்ராட்ஃபோர்டில் சென்ட்ரல் லைன் மாறி, லௌட்டன் நிலையத்தில் இறங்கிக் காட்டுக்குள் நுழையும்போது மணி பத்தரை. முந்தின ரெண்டு நாள் மழை, அன்றைக்கு வெறும் மேகமூட்டம். காளானுக்கு இதைவிடத் தோதான நாள் கிடையாது.

எப்பிங் காட்டின் பீச், ஹார்ன்பீம் மரங்களைப் பார்த்தவுடன் அம்மா நின்றுவிட்டார். ஆளுயரத்துக்கு மேலே ஒரு முண்டு, அதிலிருந்து யானைத்துதிக்கை கணக்காக ஏழெட்டுக் கிளைகள். மாடு கடிக்காத உயரத்தில் கிளையை மட்டும் விறகுக்கு வெட்டிக்கொண்டே வந்ததால் வந்த உருவம் அது. "நம்ம ஊர்ல தழைக்குப் பூவரச மரத்த மொட்டை அடிப்போமே, அது கணக்கால்ல இருக்கு" என்றார். அதேதான். இங்கே ஊர்க்காரர்களுக்கு இருந்த கிளை வெட்டும் உரிமை 1878 சட்டத்தோடு நின்று போனது, அதற்கப்புறம் வெட்டாமல் விட்ட கிளைகள்தான் இவ்வளவு பருத்துத் தொங்குகின்றன. கனம் தாங்காமல் முறிந்து விழுகிற கட்டைகளை இப்போது அப்படியே கிடக்க விடுகிறார்கள். காளானுக்குக் கல்யாணச் சாப்பாடு.

முதல் ஒரு மணி நேரத்துக்கு அட்டையே வேண்டியிருக்கவில்லை. காளானே தன் தூளைக் காட்டிக்கொண்டு நின்றது. பட்டுப்போன ஒரு கட்டையில் கொத்தாக சல்ஃபர் டஃப்ட், அடுக்கு அடுக்காக இருந்ததால் மேல் குடையின் ஸ்போர் கீழ்க் குடையின் தலையில் விழுந்து ஊதாவும் பழுப்பும் கலந்த புகையிலைத் தூள் மாதிரி படிந்திருந்தது. பத்தடி தள்ளி ஹனி ஃபங்கஸ் கொத்து, அதில் கீழ்க் குடைகள் மேல் கோதுமை மாவு சலித்த மாதிரி வெள்ளை. பீச் அடிமரத்தில் தட்டுப் போல ஒட்டியிருந்த கானோடெர்மா தனக்குக் கீழே மட்டுமல்ல, காற்றுச் சுழற்சியில் தன் தலை மேலும், பக்கத்துப் பாசி மேலும் கோகோ பவுடரைக் கொட்டி வைத்திருந்தது. போன வருஷம் இதே கட்டையை நான் படம் எடுத்திருக்கிறேன். அந்தத் தூளை ஏதோ அழுக்கு என்று நினைத்து விரலால் துடைத்துவிட்டு எடுத்திருக்கிறேன்!

ஒவ்வொன்றுக்கும் நாலு படம் என்று வைத்துக்கொண்டேன்: மேலே, கண்ணாடி வைத்துக் கீழே, இலைச் சருகை விரலால் மெல்ல ஒதுக்கிக் காம்படி, நாலடி தள்ளி நின்று சுற்றியிருக்கிற மரங்கள். பக்கத்தில் ஒரு பென்னி காசு, அதன் அகலம் 20.3 மில்லிமீட்டர் என்பதால் அளவு சொல்ல வசதி. முடிந்ததும் சருகைத் திரும்ப மூட வேண்டும், நான் ரெண்டு தடவை மறந்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

நிறம்தான் தலைவலி. மரநிழலில் ஃபோன் கேமரா ஊதாவைப் பழுப்பாக்கி விடுகிறது, வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் டீத்தூள் கலர். அதனால் பார்த்த உடனே நோட்டில் எழுதிவிடுவது என்று முடிவு. நான் "மஞ்சள்" என்று எழுதியதைப் பார்த்து அம்மா, "இது மஞ்சளா? வெந்தயக் கலருடா" என்றார். ஆக்கர் பிரிட்டில்கில் என்கிற ருசுலா அது, வெந்தய நிறம் என்பதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. அதற்கப்புறம் நிறம் சொல்கிற வேலை அம்மாவுக்கே போனது: அரக்கு, இஞ்சி, கத்தரிப்பூ, சந்தனம். நாற்பது வருஷம் புடவைக் கடையில் துணியை வாசலுக்கு எடுத்து வந்து வெளிச்சத்தில் பார்த்து வாங்கிய கண்.

மூக்கும் அப்படித்தான். வழியில் யாரோ காலால் உதைத்துத் தள்ளியிருந்த வெளிர் எலுமிச்சை நிறக் காளான் ஒன்று கிடந்தது. ஃபால்ஸ் டெத் கேப், அமானிட்டா சிட்ரினா என்று எனக்குச் சந்தேகம். ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் மூக்கருகே காட்டினேன். "உருளைக்கிழங்கு. பச்சையா, தோல் சீவினது." கையேடுகளில் அப்படியேதான் இருக்கிறது. ஓக் மரத்தடியில் செம்பழுப்பாக ஒரு லாக்டேரியஸ், செவுளைத் தொட்டால் பால் கசிகிற வகை. இதன் வாசனைக்கு மூட்டைப்பூச்சியை உவமை சொல்லுவார்கள். அதைப் படித்தபோது, இந்தக் காலத்தில் யாருக்கு மூட்டைப்பூச்சி வாடை தெரியும் என்று சிரித்திருக்கிறேன். விரலில் லேசாகத் தடவி நீட்டினேன், அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சினிமாக் கொட்டகை பெஞ்சுல நசுக்குவமே, அந்த எழவு" என்றார். ஓக்பக் மில்க்கேப், லாக்டேரியஸ் க்வயெட்டஸ். சரிபார்த்தாகிவிட்டது.

லௌட்டன் கேம்ப் என்று ஒரு இரும்புக்காலத்து மண்கோட்டை காட்டுக்கு நடுவில் இருக்கிறது, இப்போது வட்டமாக ஒரு மேடும் பள்ளமும்தான் மிச்சம். அதன் சரிவில், ஓக்கும் பீச்சும் கலந்து நிற்கிற இடத்தில், அம்மாதான் முதலில் பார்த்தார். "டேய் தம்பி, இங்க பாரு, நம்ம வைக்கோல் காளான்!"

எட்டிப் பார்த்தேன். சருகுக்குள் இரண்டு. ஒன்று இன்னும் வெள்ளை முட்டையாக, உச்சி மட்டும் கிழிந்திருந்தது. இன்னொன்று முழுசாக விரிந்து, குடை இளம் பச்சையும் சாம்பலும் கலந்த வழவழப்பு, அடியில் கிழிந்த முட்டை ஓடு மாதிரி பை. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அறுவடை முடிந்து மழை பெய்தால் வைக்கோல் போர் ஓரத்தில் முட்டை முட்டையாகக் கிளம்பும் வால்வேரியெல்லாவுக்கும் இதே பைதான். அவர் சின்ன வயதில் பறித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டே வளர்ந்தவர். கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் இதே தவறைச் செய்து செத்திருக்கிறார்கள்: ஊரில் தின்ற வைக்கோல் காளான் என்று நினைத்து டெத் கேப்பை, அமானிட்டா ஃபலாய்டீஸை, சமைத்துவிட்டார்கள். தின்றவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தியும் பேதியும் வந்து, நின்று, தேறிவிட்ட மாதிரி ஒரு நாள் போகும். அதற்குள் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது. "வெள்ளிக் காசு போட்டு வேகவெச்சா கறுத்துடும்ணு சொல்லுவாங்களே" என்று கேட்டார் அம்மா. கறுக்காது, அந்தச் சோதனை எந்தக் காளானுக்கும் பயன்படாது. தொடுவதால் ஒன்றும் ஆகாது, ஆனாலும் கையைத் துடைக்க ஈரக் காகிதம் கொடுத்தேன்.

வாயால் சொன்னால் அம்மா தலையாட்டுவார், நம்ப மாட்டார். வித்தியாசம் மூன்று. வைக்கோல் காளான் மக்கும் வைக்கோலில் வரும், இது உயிரோடு இருக்கிற மரத்தின் வேரோடு ஒட்டி வாழும். இதற்குக் காம்பின் மேல்பாதியில் பாவாடை மாதிரி ஒரு வளையம் உண்டு, அதற்குக் கிடையாது, ஆனால் வளையம் கிழிந்து விழுந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. மூன்றாவது ஸ்போர்: வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, இதற்கு வெள்ளை.

முதல் அட்டையை இங்கேதான் போட்டேன். குளியலறை ஒத்திகையில் வராத தொல்லை வந்தது. வளையம் செவுளுக்கு மிக அருகில் தொங்கியதால் அட்டையை அதற்கு மேலே, ஒரு விரல் இடைவெளிக்குள் நுழைக்க வேண்டியிருந்தது. கீறலை விரித்துப் பிடித்துக் காம்பைச் சுற்றிப் போட்டு, செவுளில் உரசாமல் மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்க இரண்டு குச்சியை மண்ணில் குத்தி முட்டுக் கொடுத்தேன். முட்டிக்கால் நனைந்து, கண்ணாடி கீழே விழுந்து, அம்மா மேலிருந்து "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்" என்று லாரி பின்னால் எடுக்கிற க்ளீனர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அதே சரிவில் கொஞ்சம் கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கூட்டம், அதில் ஒன்றுக்கு இரண்டாம் அட்டை. ஃபோன் செயலி அதை அமெதிஸ்ட் டிசீவர் என்று அடித்துச் சொன்னது. மூன்றாவது ஒரு லாக்டேரியஸுக்கு, நாலாவது பெயரே தெரியாத குட்டிப் பழுப்புக்கு, அஞ்சாவது ஒரு ருசுலாவுக்கு.

காளான் தேடிப் போகிற இந்த மாதிரி நடைக்கு இங்கே ஃபோரே என்று பெயர். 1868இல் ஹெரிஃபோர்டில் வுல்ஹோப் கிளப் கூட்டிய நடைக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. உண்மையில் அந்தச் சொல் எல்லை தாண்டிப் போய்க் கொள்ளையடித்து வருவதைக் குறிப்பது, நம்ம வெட்சித் திணை ஆநிரை கவர்தல் மாதிரி. நாங்கள் கவர்ந்தது ஒன்றுமில்லை, அஞ்சு பிளாஸ்டிக் துண்டைக் காட்டில் விட்டுவிட்டு ஹை பீச் என்கிற ஊர்ப் பக்கம் டீ குடிக்க நடந்தோம். டீ சுமார்தான். அம்மா கொண்டு வந்த எலுமிச்சை சாதம் காப்பாற்றியது.

இரண்டேகால் மணி நேரம் கழித்துத் திரும்பினோம். மூன்றாம் அட்டையில் நத்தை ஏறி வழவழவென்று கோலம் போட்டிருந்தது. நாலாவதில் மரத்திலிருந்து சொட்டிய தண்ணீர். அஞ்சாவது செவுளில் ஒட்டிக்கொண்டதால் ஒரே தீற்றல், குச்சியைச் சரியாகக் குத்தாதது என் தப்பு. இரண்டாவதில் ஊதாக் காளானிலிருந்து மங்கலான கோடுகள், வெள்ளை நோட்டின் மேல் வைத்தால் மூக்குப்பொடி நிறம். அமெதிஸ்ட் டிசீவர் என்றால் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணாடியில் செவுளைத் திரும்பப் பார்த்தேன்: நெருக்கமாக, களிமண் நிறத்தில். டிசீவருக்கு செவுள் தடியாக, இடைவெளி விட்டு, அதுவும் ஊதாவாகவே இருக்கும். இது இனோசைபி, லைலாக் ஃபைபர்கேப் கூட்டம். விஷம்.

முதல் அட்டையை வெளியே எடுத்தபோது ஒன்றுமே தெரியவில்லை. வெறும் பிளாஸ்டிக். அம்மா "ஒண்ணும் விழலையே" என்றார். ஃபோன் திரையை அணைத்து அந்தக் கறுப்பின் மேல் அட்டையை வைத்தேன். ஓட்டையிலிருந்து ஓரம் வரை சக்கர ஆரம் மாதிரி வெள்ளைக் கோடுகள், வாசலில் நேற்றுப் போட்ட கோலம் காலில் பட்டு மிச்சம் இருக்குமே, அவ்வளவு மெலிசு. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையை மூக்கு வரை கொண்டு போய்ப் பார்த்தார்.

"வைக்கோல் காளான்ல செவப்பாத்தான் இருக்கும். கழுவும்போது தண்ணி செவக்கும்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம், "ஒங்க தாத்தா இங்க வந்திருந்தா சாப்ட்ருப்பாரு" என்றார்.

வீட்டில் உட்கார்ந்து பதிவேற்றும்போது வேறொரு வம்பு. கடைசி எட்டுக் காளானும் டீ குடித்த இடத்திலேயே முளைத்ததாக ஃபோன் சொல்லியது. அடர்ந்த மரத்தடியில் சிக்னல் கிடைக்காமல் பழைய இடத்தையே ஒட்டி வைத்திருக்கிறது. நோட்டில் "கோட்டை மேடு, தெற்குச் சரிவு" என்று எழுதி வைத்திருந்ததால் பிழைத்தேன். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் இடத்தைத் தேடி, அதன் கட்டக் குறியீட்டை டிக்யூ 418 975 என்று ஆறு இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன், அது நூறு மீட்டர் சதுரம். எட்டு இலக்கம் போட்டால் பத்து மீட்டர் வரை துல்லியம் என்று அர்த்தம், அந்தத் துல்லியம் என்னிடம் இல்லை. அடுத்த தடவை ஃபோனில் அந்த நீல வட்டம் சுருங்கும் வரை நின்றுவிட்டுத்தான் முதல் படம்.

மொத்தம் 24 பதிவு. 13க்கு இனப்பெயர் வரை போட்டேன், 7க்குப் பேரினம் மட்டும், 4ஐ "செவுள் உள்ள காளான், பீச் சருகு" என்று விட்டேன். மூன்று வாரத்தில் பதில்கள் வந்தன. டெத் கேப் ஏற்கப்பட்டது, அட்டைப் படம் நன்றாக உதவியதாக ஒரு வரி. இனோசைபியை நுண்ணோக்கி இல்லாமல் ஏற்க முடியாது என்று பேரினத்தோடு நிறுத்திவிட்டார், நியாயம்தான். ஹனி ஃபங்கஸுக்குக் காம்பில் வளையம் இருக்கிற படம் கேட்டார், நான் எடுக்கவில்லை. கொத்தின் அடியை எடுத்த மும்முரத்தில் நடுவை விட்டிருக்கிறேன், பனி விழுமுன் அந்தக் கட்டைக்கு ஒரு தடவை போக வேண்டும்.

ஓக்பக் மில்க்கேப் பதிவில் மட்டும், வாசனையை நீங்களே உறுதி செய்தீர்களா என்று கேட்டிருந்தார். இல்லை, என் அம்மா, அவருக்கு மூட்டைப்பூச்சி நேரடிப் பழக்கம் என்று பதில் எழுதி, பதிவு செய்தவர் என்கிற இடத்தில் என் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்தேன். சாயங்காலம் பச்சைக் குறி விழுந்தது. அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "இனிஷியல் போடாம விட்டுட்டியே" என்றார்.